டிவிஎஸ் 50 கிளம்பலையா? முதலில் கரண்ட் வருதான்னு பாருங்க!



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் அவசரக் கடன் கேட்டு ஓர் உறுப்பினர் எழுந்தார். "எதுக்குங்க அக்கா?" என்று கேட்டோம். "வண்டி நின்னு போச்சுங்க. காயில் போயிருச்சாம், மாத்தோணும்கறாங்க" என்றார். பனியன் பீஸ் மூட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, பிசிறு வெட்டி, மறுநாள் காலையில் கம்பெனியில் கொடுப்பவர் அவர். ரெண்டு நாள் மூட்டை போகலைன்னா அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அதே தெருவில் இருந்த வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தோம். காயில் நல்லாத்தான் இருந்தது. பிளக் மேல் மாட்டும் கேப் வெடித்து, மழை ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. கேப் மாற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. கடன் தேவைப்படவில்லை. அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1980-ல் ஓசூரில் இருந்து வந்த வண்டி டிவிஎஸ் 50. இந்தப் பழைய வண்டியில் பொறிக்கு பேட்டரி வேண்டியதில்லை. பெடல் மிதிக்கும்போது இஞ்சின் பக்கத்தில் சுற்றும் மேக்னட்தான் கரண்ட் உண்டாக்குகிறது. பாயிண்ட் என்பது ஒரு சின்ன ஸ்விட்ச் மாதிரி. அது திறக்கும் நொடியில் காயில் அந்தக் கரண்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்பும். பிளக்கில் பொறி வந்தால்தான் பெட்ரோல் தீப்பிடிக்கும். பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டென்சர்.

வண்டி கிளம்பலைன்னா, டேங்கில் பெட்ரோல் இருக்கா, சாவி திறந்திருக்கான்னு பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சரியில்லை என்று சந்தேகப்படலாம். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். கரி அப்பியிருந்தால் ஆயில் அதிகம் கலந்திருக்கலாம். கண்ணளவில் ஆயில் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டே! பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பழைய பல் பிரஷ்ஷால் கரியை எடுங்கள். பிளக் நுனியில் இருக்கும் சின்ன இடைவெளியில் துணுக்குக் கரி அடைத்தாலும் பொறி வராது.

பிறகு பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு இஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்து, ஒருவர் பெடல் மிதிக்க இன்னொருவர் பாருங்கள். நிழலில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பளிச்சென்று நீலமாக வந்தால் கரண்ட் நல்லா இருக்கு. மஞ்சளாக மங்கி வந்தால் பலம் போதவில்லை. பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் பொறி விழக்கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துக் காயவிட்ட பிறகே இதைச் செய்யுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சக்கரம் சுற்றும்.

பொறியே இல்லையா? வேறு நல்ல பிளக் போட்டுப் பாருங்கள், கேப்பையும் பாருங்கள். அடுத்தது சாவி ஒயர். இந்த மேக்னட் வண்டிகளில் சாவியை மூடினால் கரண்ட் பாடியில் இறங்கி இஞ்சின் நிற்கும். அந்த ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டால், சாவி திறந்திருந்தாலும் மூடின மாதிரிதான். மழைக்காலத்தில் ஸ்விட்சுக்குள் தண்ணீர் போனாலும் இதே கதை.

காலையில் நல்லா கிளம்பி, கொஞ்ச தூரம் போய் சூடானதும் நின்று, ஆறினபின் மறுபடி ஓடுகிறதா? அப்படியானால் கண்டென்சர் அல்லது காயில் மேல் சந்தேகம் வைக்கலாம். கண்டென்சர் காயிலைவிட விலை குறைவு, அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாயிண்ட்டில் கரி, குழி இருக்கான்னும் கேளுங்கள். பாயிண்ட் இடைவெளி வைப்பது மெக்கானிக் வேலை, நாம் கை வைக்க வேண்டாம். பின்னால் வந்த சிடிஐ வண்டிகளில் பாயிண்ட்டே கிடையாது. அவற்றில் பிளக் உடம்பு இஞ்சினில் படாமல் மிதித்தால் சிடிஐ கெட்டுப்போகலாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "ஸ்டார்ட் ஆகலைங்க" என்று மட்டும் சொல்லாமல், "பிளக் நனைஞ்சிருக்குங்க, பொறி வரலைங்க, வேற பிளக்கும் போட்டுப் பார்த்தேங்க" என்று சொல்லுங்கள். ஏதாவது மாற்றினால், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.