ஆயிரம் மடங்கு வாங்கிய கதை

போன வருஷம் வரைக்கும் எனக்கு ரெசிஸ்டர் என்றால் கலர் பட்டை போட்டு, இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பதுதான். எஸ்.எம்.டி. பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. 0603 என்கிற சைஸில் ஒரு ரெசிஸ்டர் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். தும்மினால் பறந்துவிடும். (ஒன்று அப்படியே போச்சு. இன்னும் எங்கள் ஹாஸ்டல் அறையில்தான் எங்கேயோ இருக்கிறது.)

சரி, ஒரு டிஜிட்டல் மைக்ராஸ்கோப் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். தீபாவளி சமயத்தில் துணிக்கடையில் நின்று சம்பாதித்த காசு கையில் இருந்தது. ஒரு பெட்டி மேல் '1000 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்துப் பெட்டியில் அப்படி ஒன்றும் இல்லை. நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

அறைக்கு வந்து போர்டை வைத்தால் படம் பிரமாதம்! சால்டரிங் அயர்னை நீட்டினேன், முனை போக இடமில்லை. லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனம்தான். சாய்த்து எப்படியோ நுழைத்தேன். லேப்டாப் திரையில் முனை இன்னும் ஐ.சி. காலைத் தொடவில்லை. நிஜத்திலோ அது பேடை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. படம் தாமதமாக வருகிறது என்று புரிவதற்குள் பேட் பேந்துவிட்டது.

என் போர்டாக இருந்தால் பரவாயில்லை. அது என் அறை நண்பனின் ப்ராஜெக்ட் போர்டு. ரிவ்யூவுக்கு நான்கே நாள். அவன் திட்டவில்லை. "விடுடா, வயர் இழுத்துக்கலாம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். முதலில் இந்த மடங்கு. திரையில் காட்டுகிற கருவியில், திரையைப் பெரிதாக்கினால் மடங்கும் தானாகக் கூடிவிடும். ஆகவே கேட்க வேண்டியது, திரையின் அகலத்தில் போர்டு எத்தனை மி.மீ. தெரிகிறது என்பதுதான். 7 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 155 மி.மீ. அதில் 15 மி.மீ. போர்டு தெரிந்தால் சுமார் 10 மடங்கு. கால்களுக்கு 0.5 மி.மீ. இடைவெளி உள்ள ஐ.சி.யில் கால்கள் 5 மி.மீ. தள்ளித் தள்ளித் தெரியும். சால்டர் வைக்க இது தாராளம். அதே திரையில் நிஜமாகவே 1000 மடங்கு என்றால் 0.15 மி.மீ.தான் தெரியும். ஒரு காலின் அகலம்கூட முழுசாக அடங்காது!

அடுத்தது உயரம். லென்ஸுக்குக் கீழே 10 செ.மீ.யாவது காலியாக இருக்கணும். அயர்ன், ட்வீசர், நம் இரண்டு கை எல்லாம் அங்கேதான் புழங்கணும். ஃப்ளக்ஸ் புகையும் லென்ஸில் நேராகப் படியாது.

என் நண்பனின் பேடைத் தின்றது தாமதம். அதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வையுங்கள். இன்னொரு போனால் அந்தப் போனும் மைக்ராஸ்கோப் திரையும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். சொந்தத் திரை உள்ளதும், எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டருக்குப் போவதும் பெரும்பாலும் யு.எஸ்.பி. வகையைவிடச் சுறுசுறுப்பு. போன் இல்லாவிட்டால், திரையை மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். திரைக்கு வருவது 1920 × 1080 என்றால் அது 2 மெகாபிக்சல்தான், பெட்டியில் 12 என்று போட்டிருந்தாலும். வெளிச்சம் நேர் மேலிருந்து மட்டும் வந்தால் சால்டர் கண்ணாடி மாதிரி பளபளத்து ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து வளைக்கிற மாதிரி இரண்டு விளக்கு இருந்தால் நல்லது.

ஒரு குறை மட்டும் எதிலும் போகாது. ஒற்றை லென்ஸ் என்பதால் ஆழம் தெரியாது. அதற்கு இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்தான் வேண்டும். தாமதமும் கிடையாது. விலையைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.

நண்பனின் போர்டு மெல்லிய எனாமல் வயரோடு ரிவ்யூவுக்குப் போய் ஓடியது. என் ஆயிரம் மடங்கு கருவி இப்போது சால்டர் வைத்து முடித்த பிறகு, இரண்டு கால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மட்டும். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். ட்வீசர் மட்டும் நீங்களே கொண்டுவாங்க.