வடதிசைச் சிற்றூரின் வயலின் ஓசை

கலை வளர்வதற்குத் தலைநகரமே தகுந்த இடம் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். பெரிய மண்டபமும், பேர்பெற்ற ஆசிரியரும், பாராட்டும் பரிசும் அங்கேதான் உள்ளன. ஆதலின் திறமையுள்ள பிள்ளை ஊரை விட்டுப் புறப்படுதலே முறை என்று பெற்றோரும் தீர்மானித்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியானதுதானா? பின்லாந்து நாட்டின் சிறு பட்டினம் ஒன்று இவ்வினாவுக்கு விடை கூறியிருக்கின்றது. அவ்விடையைச் சற்றே ஆராய்வோம்.

பின்லாந்தின் மேற்குக் கரையிலே, பொத்னியாக் குடாவை அடுத்துள்ளது கொக்கொலா. 1620ஆம் ஆண்டிலே சுவீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ப் நிறுவிய துறைமுகப் பட்டினம் இது. பைன் மரத்திலிருந்து வடித்த தாரை ஏற்றுமதி செய்து முற்காலத்திலே செல்வம் தேடியது. மாரிகாலத்திலே பகற்பொழுது சில மணி நேரமே. கரையோரக் கடலும் உறைந்துவிடும். இன்று சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து ஏறக்குறைய 48,000 மக்கள் வாழும் இவ்வூரிலேதான் ஒஸ்ட்ரோபொத்னியா சேம்பர் ஓர்க்கெஸ்ட்ரா தோன்றியது.

சேம்பர் என்றால் அறை. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகை அறைகளிலே சிலர் கூடி வாசித்த வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது. பெரிய வாத்தியக் குழுவில் 80, 100 பேர் இருப்பர். சேம்பர் குழுவிலோ பெரும்பாலும் 20, 30 பேரே. கொக்கொலாவிற் பிறந்தது தந்தி வாத்தியக் குழு. நமக்கு நன்கு பழக்கமான வயலின், அதனினும் சற்றுப் பெரிய வயோலா, முழங்கால்களிடையே நிறுத்தி வாசிக்கும் செலோ, ஆளுயரத்தை எட்டும் டபிள் பேஸ் ஆகியவை இத்தகைய குழுவின் கருவிகள். சிறு குழுவாதலின், ஒருவர் விட்ட பிழை மற்றவருடைய ஓசையில் மறைந்துவிடாது. தன் கைவண்ணத்தைக் காட்டுவதோடு அயலில் இருப்பவரைச் செவிமடுப்பதும் ஒவ்வொருவருக்கும் கடமையாகின்றது.

இக்குழுவின் வேர் இன்னும் உள்நாட்டே, கௌஸ்டினென் என்னும் கிராமத்திற் கிடக்கின்றது. 4,000 பேரளவில் வாழும் அவ்வூரிலே உழவருடைய கலியாண வீடுகளில் வயலின் வாசித்தல் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஏட்டைப் பாராமல், தந்தையும் அயலவரும் வாசிக்கக் கேட்டே பிள்ளைகள் பழகினர். கொன்ஸ்தா யில்ஹா என்னும் புகழ்பெற்ற கிராமியக் கலைஞர் அவ்வூரவரே. 1968ஆம் ஆண்டு முதல் அங்கே நாட்டார் இசைவிழா நடைபெற்று வருகின்றது. 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் கௌஸ்டினென் வயலின் மரபை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

அக்கிராமத்திலே 1945இற் பிறந்தவர் யூஹா காங்காஸ். ஹெல்சிங்கியிலுள்ள சிபேலியஸ் இசைக்கழகத்திலே பயின்ற அவர், தம் பிரதேசத்துக்கு மீண்டு, கொக்கொலாவில் வயலின் ஆசிரியரானார். 1972ஆம் ஆண்டில் தம்மிடம் பயின்ற இளைஞர்களைக் கூட்டி இக்குழுவை அமைத்தார். ஆசிரியரும் மாணாக்கருமாகத் தொடங்கிய முயற்சி, 17 ஆண்டுகள் கழித்து, 1989இல், ஊதியம் பெறும் கலைஞர்களின் குழுவாக உயர்ந்தது. 1993இலே குழுவுக்கும் காங்காஸுக்கும் நோர்டிக் மன்றத்தின் இசைப் பரிசு கிடைத்தது. டென்மார்க், நோர்வே, சுவீடன், ஐஸ்லாந்து, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்கும் பொதுவான பரிசு அது!

இவ்வெற்றியின் இரகசியம் யாது? தலைநகரத்துக் குழுக்களைப் பின்பற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தம் காலத்து இசையாசிரியர்களை அணுகிப் புதிய படைப்புகளைப் பெற்றனர். ஜப்பானிலே பயின்று மீண்ட பேர் ஹென்ரிக் நோர்ட்கிரென் 1973இலே கௌஸ்டினெனில் வந்து குடியேறினார். 2008இல் மறையும்வரை இக்குழுவுக்கெனப் பல படைப்புகளை ஆக்கினார். கிராமிய வயலின்காரரின் சாயல்களை அவர் தந்தி வாத்தியங்களுக்கேற்ப இசைச் சித்திரங்களாகத் தீட்டியதும் உண்டு. லத்வியா நாட்டுப் பேட்டெரிஸ் வாஸ்க்ஸ் இயற்றிய ‘குரல்கள்’ என்னும் சிம்பொனி, 1991ஆம் ஆண்டிலே, அந்நாடு சோவியத் ஆட்சியினின்று விடுதலை பெற்ற அதே ஆண்டில், கொக்கொலாவில் இக்குழுவினராலேயே முதன்முதலாக வாசிக்கப்பெற்றது. ஒரு சிறு நாட்டின் குரலுக்கு ஒரு சிறு பட்டினம் செவி கொடுத்தது எனலாம்.

ஓர் ஆசிரியரின் ஆர்வம் ஒன்றே இவற்றையெல்லாம் சாதித்தது என்று கூறுதல் பொருந்தாது. இசைப் பள்ளிகளையும் வாத்தியக் குழுக்களையும் பொதுப் பணத்தாற் பேணுதல் பின்லாந்தின் வழக்கம். ஆயினும், நிலம் இருந்தாற் போதாது, விதைப்பவனும் வேண்டும். விதைத்தவன் அறுவடை வரை காத்திருக்கவும் வேண்டும். காங்காஸ் 2013 வரை, 41 ஆண்டுகள், குழுவை வழிநடத்தினார். அவருக்குப் பின் சகாரி ஓராமோவும், 2019இல் வயலின் கலைஞரான மாலின் புரோமனும் பொறுப்பேற்றனர். நிறுவியவர் விலகிய பின்னும் குழு நிலைத்தமையே அவருடைய பணியின் உறுதிக்குச் சான்று.

ஆண்டுதோறும் எமது வகுப்பிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் விடைபெற வருகின்றனர். “எங்கே போகிறாய்?” என்று கேட்கின்றோம், வாழ்த்தி அனுப்புகின்றோம். “எப்போது திரும்புவாய், எதனைக் கொண்டு வருவாய்?” என்று நாம் கேட்பதில்லை. தவறு பிள்ளைகளுடையதன்று, கேளாத நம்முடையதே. கற்கப் போவது இழுக்கன்று, காங்காஸும் போனவரே. போனவர் மீண்டு வந்து பத்துப் பிள்ளைகளை எதிரில் இருத்தியபோதுதான் ஓர் ஊரின் வரலாறு மாறியது. இனி விடைபெற வரும் பிள்ளையிடம் அக்கேள்வியையும் அன்போடு கேட்டு அனுப்புவோமாக.