பாரிசும் நம்மூர்க் கண்ணாடியும்



2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தமிழக அரசின் ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியப் பெருமக்கள் கல்விச் சுற்றுலாவாகப் பிரான்சு நாட்டின் தலைநகர் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். நம் பள்ளியிலிருந்து எவரும் அக்குழுவில் இல்லை. ஆயினும் ஆசிரியர் அறையில் பல நாள் இதுவே பேச்சாயிருந்தது. “போய் வந்து பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பார்கள்? நிழற்படங்கள்தானே!” என்றார் எங்களுள் ஒருவர். அவருக்கு விடை தேடப் புகுந்தோம். உலகப் படத்தை மேசைமேல் விரித்து, நாங்களே போவதாயிருந்தால் எதைப் பார்ப்போம் என்று எழுதத் தொடங்கினோம்.

அயல்நாடு என்றால் விமானம் ஏறிப் போகும் தொலைவு என்பர். நம்மூருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் தொழிற்சாலை வந்தது. இதில் ரெனோ பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இயங்குகிறது. அதுவும் பிரெஞ்சு நிறுவனமே.

இந்தச் செயின்ட் கோபைன் என்ற பெயரைச் சாலையோரப் பலகையில் நீங்கள் நூறு முறை படித்திருப்பீர்கள். அது ஒரு புனிதரின் பெயர் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தீர்கள்? ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்கு வந்து, அங்கே கொலையுண்டு, வேதசாட்சியாகப் போற்றப்பட்ட துறவி அவர். வட பிரான்சில் அவர் பெயரால் ஒரு சிற்றூர் உண்டு. 1690களில் அவ்வூரில் கண்ணாடித் தொழிற்சாலை அமைந்தது. ஊரின் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று.

ஆனால் நிறுவனம் அதற்கும் மூத்தது. அக்காலத்தில் நல்ல முகக்கண்ணாடி வேண்டுமாயின் வெனிஸ் நகரிடம்தான் வாங்க வேண்டும். கண்ணாடித் தொழிலாளர் ஊரைவிட்டு வெளியேறி வேறெங்கும் தொழில் செய்யலாகாதென்று அந்நகரம் தடை விதித்திருந்தது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், 1665இல் அரசின் ஆதரவில் கண்ணாடித் தொழிலகம் ஒன்றை நிறுவச் செய்து, வெனிஸ் தொழிலாளர் சிலரையும் ஆசை காட்டி வரவழைத்தார். அவ்வாறு உருவான கண்ணாடிகளே வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தை அலங்கரிக்கின்றன. 1678இல் தொடங்கி 1684இல் முடிந்த அம்மண்டபம் 73 மீட்டர் நீளமுடையது. 17 சாளரங்களுக்கு எதிரே 17 வளைவுகள். அவற்றில் 357 கண்ணாடிகள். 1871இல் ஜெர்மானியப் பேரரசு இங்குதான் அறிவிக்கப்பட்டது. தோற்ற ஜெர்மனியை 1919 ஜூன் 28 அன்று அதே மண்டபத்திற்கு வரவழைத்துக் கையொப்பம் வாங்கினர். பத்தாம் வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்யும் வெர்சாய் உடன்படிக்கை அதுவே. இடத்தின் வரலாறு தெரிந்தால் அந்தக் கையொப்பத்தின் கசப்பும் விளங்கும்.

கண்ணாடி எப்படிச் செய்தனர்? வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, தேய்த்து மெருகேற்றிய கண்ணாடியைப் பதித்து அழுத்துவர். பாதரசப் புகையை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்குக் கைகால் நடுக்கம் கண்டது, பற்கள் உதிர்ந்தன.

இன்றைய கண்ணாடித் தகட்டுத் தொழிலிலும் வெள்ளீயம் உண்டு, வேறு வகையில். மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை ஏறத்தாழ 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின்மேல் பாய விடுகின்றனர். நீர்மேல் எண்ணெய் போல் அது மிதந்து பரவுவதால் இரு பக்கமும் தானே சமமாகிறது, தேய்க்க வேண்டியதில்லை. உலையை இடையில் அணைக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் இரவு பகலாக எரியும். தீபாவளியன்றும் கிறிஸ்துமஸ் இரவிலும் உங்களில் சிலருடைய தந்தையர் ஷிப்டுக்குச் செல்வதன் காரணம் இதுதான்.

பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தின் முன் 1989இல் எழுந்த கண்ணாடிப் பிரமிடுக்கும் மிகத் தெளிவான கண்ணாடியை இந்நிறுவனமே செய்தளித்தது. மோனலிசாவைப் பார்க்க முண்டியடிப்போர் அதைக் கடந்துதான் உள்ளே போகின்றனர்.

பள்ளிகளைப் பற்றியும் எழுதினோம். பிரான்சில் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. 2019 முதல் மூன்று வயதிலேயே கட்டாயக் கல்வி தொடங்குகிறது. மதிப்பெண் நூற்றுக்கன்று, இருபதுக்கு. அரசுப் பள்ளியில் வெளிப்படையான சமய அடையாளங்களை மாணவர் அணியக்கூடாதென 2004இல் சட்டம் வந்தது. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கத்தோலிக்கப் பள்ளிகளில், நம் உதவி பெறும் பள்ளிகளைப் போலவே, ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. மதிய உணவு நம் சத்துணவு போல் இலவசமன்று. பல நகரங்களில் பெற்றோர் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகின்றனர். ஆனால் பிள்ளைகள் அமர்ந்து, அவசரமின்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படுவதை உண்கின்றனர். நம் மதிய இடைவேளையை நினைத்துக்கொண்டோம்.

கண்ணாடி மண்டபத்தின் படத்தைப் பத்தாம் வகுப்பில் காட்டினோம். விதானம் முழுவதும் லூயி மன்னரின் வெற்றிகள். கட்டடக் கலைஞர் மான்சார், ஓவியர் லெ பிரன் ஆகியோரின் பெயர்களைச் சொன்னோம். கண்ணாடித் தொழிற்சாலையில் பணிபுரிபவரின் மகள் ஒருத்தி எழுந்து, “டீச்சர், கண்ணாடி செஞ்சவங்க பேரு அங்க எங்கயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டாள். அடுத்த முறை பாரிசுக்குப் போகும் ஆசிரியர் யாரையேனும் சந்தித்தால் கொடுத்தனுப்ப வேண்டிய பட்டியலில் அக்கேள்வியை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறோம்.