முத்திரையும் முகவரியும்: கண்டிச் சீமையிற் சேகரிக்கத் தக்கவை

பொருள்களைத் தேடித் தொகுத்து வைக்கும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது எனலாம். குழந்தை கூழாங்கல்லையும் குன்றிமணியையும் சேர்க்கிறது. அரசன் அணிகலன்களைச் சேர்த்தான். புலவன் ஏடுகளைச் சேர்த்தான். ஆயினும் உணவுக்கோ உடைக்கோ உதவாத பொருள்களைச் சேர்ப்போரைக் கண்டு உலகியலார் நகைப்பதுண்டு. பயன் தீர்ந்து குப்பைக்குப் போகவேண்டிய ஒரு சிறு தாளுக்காக ஒருவர் பல்லாண்டுகள் அலைவதேன், பெரும்பொருள் கொடுப்பதேன் என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. அதற்கு விடை காண்பதோடு, நம் கண்டிச் சீமையில் சேகரிக்கத் தக்கவை எவை என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

சிகரெட் பெட்டியிற் பிறந்த செல்வம்

ஐக்கிய அமெரிக்காவில் பேஸ்போல் என்பது மக்கள் பெரிதும் விரும்பும் பந்தாட்டம். அவ்வாட்டக்காரரின் வண்ணப்படம் பொறித்த சிறு அட்டைகளை அமெரிக்கப் புகையிலைக் கம்பனி 1909 முதல் 1911 வரை தன் சிகரெட் பெட்டிகளில் இட்டு வழங்கியது. படத்திற்காகவேனும் பெட்டியை வாங்குவார்கள் என்பது வணிகர் கணக்கு. அத்தொகுதியில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை மட்டும் மிகச் சிலவே வெளிவந்தன. அவர் தம் படத்தைப் பயன்படுத்த இசையாமையே காரணம் என்பர். விலையின்றிக் கிடைத்த அவ்வட்டைகளுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

இன்னொரு செய்தி இதனினும் சுவையானது. டொப்ஸ் என்னும் கம்பனி 1952-இல் வெளியிட்ட அட்டைகளுள் விலைபோகாமல் எஞ்சியவற்றை, இடத்தை அடைக்கின்றனவே என்று கருதி, பின்னாளில் படகில் ஏற்றிச் சென்று கடலிற் கொட்டிவிட்டதாக அக்கம்பனியைச் சேர்ந்த ஸை பெர்கர் கூறியதுண்டு. அந்த 1952-ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மாண்டிலின் அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 இலட்சம் டொலர் பெற்றது. ஒரு காலத்தார் கடலில் எறிந்ததை அடுத்த காலத்தார் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். சேகரிப்புக் கலையின் அடிப்படை உண்மை இதிலேயே அடங்கியுள்ளது.

பழமை வேறு, அருமை வேறு

நம் நாட்டிற் பேஸ்போல் அட்டையின் இடத்தைப் பிடித்தது தபால் முத்திரை. கண்டி மாநகரிலும் பேராதனை, கம்பளை, மாத்தளை முதலிய அயலூர்களிலும் முந்திய தலைமுறையினர் பலருக்கு இளமையில் ஒரு முத்திரை அல்பமாவது இருந்தது. தந்தையாரின் கடிதவுறையிலிருந்து பெயர்த்தெடுத்த முத்திரையை வகுப்புத் தோழனோடு மாற்றிக்கொள்வது அக்காலத்துப் பாடசாலைகளில் வழக்கமான வாணிகம். நாமும் அவ்வாணிகத்தில் ஈடுபட்டவர்களே.

முத்திரை சேகரிப்போர் முதலிற் கற்கவேண்டிய பாடம், பழையன யாவும் அரியன அல்ல என்பதாகும். உலகின் முதல் ஒட்டு முத்திரை 1840-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘பென்னி பிளாக்’. விக்டோரியா அரசியாரின் முகம் பொறித்த கருநிற முத்திரை அது. ஆனால் அவற்றுள் ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் அச்சிடப்பட்டமையால், முயல்வோருக்கு இன்றும் கிடைக்கின்றது. மாறாக, தென்னமெரிக்காவிலிருந்த பிரித்தானிய கயானாவில் 1856-இல் வெளிவந்த ஒரு சதச் செந்நிற முத்திரை உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. அதனை 1873-இல் பழைய கடிதங்களிடையே கண்டெடுத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் அதனை விற்றுப் பெற்றது 6 சிலிங். அம்முத்திரை 2014-இல் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்கும், 2021-இல் ஏறத்தாழ 83 இலட்சம் டொலருக்கும் விற்பனையாயிற்று. விலை ஏறியது போலவே இறங்கவும் செய்தது என்பதை, முத்திரையைப் பணப்பெட்டியாக மட்டும் கருதுவோர் கவனிப்பாராக.

இலங்கை முத்திரைகள்

இலங்கையின் முதல் முத்திரை 1857-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் திகதி வெளிவந்தது. அதன் விலை 6 பென்ஸ். இங்கிலாந்துக்கு அனுப்பும் அரை அவுன்ஸ் கடிதத்துக்குரிய கட்டணம் அது. ஓரங்களில் துளையில்லாத அக்கால முத்திரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டியே பயன்படுத்தினர். வெட்டியவரின் கை சற்றுப் பிசகினால் முத்திரையின் ஓரம் குறைந்துபோகும். ஆதலால் நான்கு பக்கமும் ஓரம் நிறைந்து நிற்கும் முத்திரைக்கு மதிப்பு அதிகம். இலங்கை முத்திரைகளுள் மிக அரியதாகப் போற்றப்படுவது 1859-ஆம் ஆண்டின் 4 பென்ஸ் மங்கிய ரோசா நிற முத்திரை.

1872-இல் ரூபாவும் சதமும் வழக்குக்கு வந்தன. முத்திரைகளும் அவ்வாறே மாறின. 1885-ஆம் ஆண்டளவில் புதிய கட்டணங்களுக்கேற்ற முத்திரைகள் போதாமையால், பழைய முத்திரைகளின்மேற் புதிய விலையை அச்சடித்து வெளியிட்டனர். அவசரத்தில் சில தலைகீழாகவும் சில இருமுறையும் அச்சாயின. வேறு துறைகளில் பிழை இழுக்காகும். முத்திரைத் துறையிலோ பிழையே பெருமை. காவலரின் கண்ணுக்குத் தப்பிய பிழை அரிதாகையால் அதற்கு விலை மிகுதி.

1935-36-இல் வெளிவந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துப் படத்தொகுதி அழகிற் சிறந்தது. இரப்பர்ப் பால் எடுத்தல் 2 சதம், சிவனொளிபாதமலை 3 சதம், தேயிலைக் கொழுந்து பறித்தல் 9 சதம், கண்டித் தலதா மாளிகை 25 சதம், காட்டு யானைகள் 50 சதம், திருகோணமலை 1 ரூபா என நாட்டின் காட்சிகள் அதில் நிரல்பட அமைந்துள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் அரச முத்திரையிற் கடல் கடந்து சென்றது. ஆனால் அவளுக்கு அந்நாட்டிற் குடியுரிமை நிலைபெறப் பல பதிற்றாண்டுகள் கழியவேண்டியிருந்தன. சுதந்திரத்தின் பின் தமிழ்ப் பெரியாரும் முத்திரைகளில் இடம் பெற்றனர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும், 1971-இல் ஆறுமுக நாவலரும் அவ்வாறு போற்றப்பட்டனர். 1972 மே 22-இல் நாட்டின் பெயர் ஆங்கிலத்திலும் ‘ஸ்ரீ லங்கா’ என்றானபோது, முத்திரையிலிருந்த ‘சிலோன்’ மறைந்தது. பாடநூலில் ஒரு பக்கம் படித்து அறியும் வரலாற்றை மாணவன் இவ்வாறு ஒரு தாளின் மீது கண்ணாற் காண்கிறான்.

எதற்காகச் சேர்க்கிறோம்?

சேகரிப்போரின் நோக்கங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது நிறைவு வேட்கை. பதினொரு முத்திரை கொண்ட தொகுதியிற் பத்துக் கைவந்தபின், எஞ்சிய ஒன்று இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது அருமை வேட்கை. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருக்கவேண்டும் என்பது. மூன்றாவது தோழமை. தனித்திருந்து சேர்ப்பவரும் மாற்றிக்கொள்ளப் பிறரை நாடியே ஆகவேண்டும். சாதி, சமய, மொழி வேறுபாடின்றிச் சிறுவர் ஒன்றுகூடும் இடங்களுள் முத்திரை மாற்றுமிடமும் ஒன்று. நான்காவது நினைவு. ஒரு காலத்தை, ஓர் ஊரை, மறைந்த ஒருவரைக் கையால் தொட்டுணர முடியாதபோது, அவர் தொட்ட பொருளையேனும் தொட விரும்புகிறோம். முன்னைய மூன்றும் இளமையில் மிகுதி. நான்காவது வயது ஏற ஏற வளர்கின்றது. எம் கருத்தில் இந்நான்காவதே சேகரிப்பைப் பொழுதுபோக்கினின்று உயர்த்தி வரலாற்றுப் பணியாக்குகின்றது.

கண்டிச் சீமையின் தபால்

கண்டியின் வரலாறே ஒருவகையில் வழிகளின் வரலாறு. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் கொழும்பிலிருந்து மலையேறும் பாதை அமைந்தது. அதனை அமைத்த கப்டன் டோசனின் நினைவுத் தூண் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. அப்பாதையில் 1832-இல் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867-இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இப்பாதைகள் வழியே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் பின்னே கடிதங்களும் வந்தன.

தோட்டத்துக்கெனத் தபாற் பையைச் சுமந்து தபாற்கந்தோருக்குப் போய்வரும் ஆள் ஒருவர் இருந்தார். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்தே லயத்தை அடையும். எழுத்தறியாத தாய், எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் சென்று மகனின் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அக்கடிதவுறைகளில், தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமே இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் காணலாம். ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று, தபாற்கந்தோரின் பெயர் ஒன்று என ஓர் உறையின் முகப்பில் ஒரு பிரதேசத்தின் படமே தீட்டப்பட்டிருக்கும்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் உரியவர் எனவும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் எனவும் இரு அரசுகளும் முடிவு செய்தன. 1974-இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தமையன் அங்கும் தம்பி இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிச் சென்றவர்கள் நீலகிரியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எழுதிய கடிதங்களே பின்னர் இருசாராரையும் இணைத்த ஒரே கயிறு. இலங்கை முத்திரையும் இந்திய முத்திரையும் மாறிமாறிப் பயணஞ்செய்த அவ்வுறைகளின் விலை சந்தையில் சொற்பம். ஆனால் அம்மக்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்த ஏடுகள் அவற்றையன்றி மிகச் சிலவே.

தபாலைச் சாராத வேறு இரு பொருள்களும் ஈண்டுக் குறிப்பிடத் தக்கன. கோப்பிக் காலத்துக் கொழும்பு ஆலைகள் தொழிலாளருக்குக் கூலிக் கணக்காக வழங்கிய உலோக வில்லைகள் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குப் புறப்பட்டோருக்குக் கொடுக்கப்பட்ட ‘தகர டிக்கட்’ மற்றொன்று. மாவட்டத்துக்குரிய எழுத்தும் தோட்டத்துக்குரிய எண்ணும் பொறித்த அவ்வில்லையைப் பொருட்சாலைகளும் நாணயஞ் சேர்ப்போரும் இன்று பேணுகின்றனர். ஒரு மனிதனை ஓர் எண்ணாக்கிய தகரம் அது. அதனை அணிந்தவரின் பெயரை எழுதிவைத்தோர் இலர்.

பேணும் முறை

சேகரிக்க விழையும் மாணவருக்குச் சில குறிப்புகள் கூறுவோம். சாதாரண முத்திரையை உறையினின்று எடுக்கவேண்டின், உறையின் அத்துண்டைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானே கழன்றபின் ஒற்றுத்தாளிற் கவிழ்த்து உலர்த்துக. விரலால் தொடாது சாவணத்தாற் பிடித்தல் நன்று. விரலின் எண்ணெயும் வியர்வையும் தாளைக் கெடுக்கும். பசை பூசி ஒட்டுதல் பெருந்தவறு. கண்டியின் ஈரக்காற்று முத்திரைகளுக்குப் பகை. பழுப்புப் புள்ளிகள் படர்ந்துவிடும். மழைக்காலத்தில் அல்பத்தை இறுக அடுக்காமல், செங்குத்தாக நிறுத்திவைத்து, வெயில் நாளில் நிழலில் விரித்துக் காற்றாடவிடுக.

ஆனால் பழைய உறை கைக்கு வந்தால் அதில் நீர் படவே கூடாது. முத்திரை தனித்துப் போனால் அது இலட்சத்தில் ஒன்று. உறையோடு இருந்தால் அது உலகில் ஒன்று. தபால் முத்திரைக் குத்து, திகதி, முகவரி, அனுப்பியவரின் கையெழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தே அது சான்றாகின்றது. உள்ளே கடிதமும் இருப்பின் இரண்டையும் பிரிக்காமல் வைக்க. எழுதியவர் யார், பெற்றவர் யார், இருவரும் எவ்வகை உறவினர் என்பதை வேறொரு தாளில் எழுதி உடன் வைக்க. உறையின்மேல் எழுதுதல் ஆகாது.

இன்றைய கடமை

இக்காலத்திற் கடிதம் அருகிவிட்டது. கைத்தொலைபேசி வாயிலாகக் கோயம்புத்தூரிலிருக்கும் பேரனின் முகத்தைக் கம்பளையிலிருக்கும் பாட்டி காண்கிறாள். இது நன்மையே, நாம் பழித்தற்கில்லை. எனினும் அப்பேச்சு அழிந்துவிடும், கடிதமோ நிற்கும். இன்னொன்றும் எண்ணுதற்குரியது. பல தோட்டங்களில் லயத்துக் குடும்பங்களுக்கென இன்றும் தனி முகவரி இல்லை. ஒரே தோட்டப் பெயரின்கீழ் நூற்றுக்கணக்கானோரின் கடிதங்கள் வந்து சேர்கின்றன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு காலங்கடந்து கிடைத்ததால் வாய்ப்பிழந்த மாணவரை ஆசிரியராகிய நாம் கண்டிருக்கிறோம். முகவரி என்பது தாளிலுள்ள இரண்டு வரியன்று. நாட்டில் ஒருவனுக்குள்ள இடம் அது. பழைய உறைகளைத் தொகுத்துப் பார்ப்பவனுக்கு இவ்வுண்மை எவரும் சொல்லாமலே விளங்கும்.

ஆதலால், வீட்டை வெள்ளையடிக்கும்போதும் முதியோர் மறைந்தபின் அவர்தம் தகரப் பெட்டியைத் திறக்கும்போதும், பழைய கடிதங்களை அடுப்பில் இடுமுன் சற்று நில்லுங்கள். இளைஞர் தம் பாட்டன் பாட்டியர் இருக்கும்போதே அவர்களருகில் அமர்ந்து, ஒவ்வோர் உறையாக எடுத்துக் காட்டி, யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என வினவி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறைக் காலம் இதற்குப் போதும். அவ்வாறு தொகுத்த ஏடு எந்த ஏலத்திலும் விலைபோகாதிருக்கலாம். உங்கள் குடும்பம் எவ்வழியே இம்மலைக்கு வந்து சேர்ந்தது என்பதை உங்கள் மக்களுக்கு அது சொல்லும்.