கடலில் படரும் புதுப் பாசி

குளத்தில் ஆகாயத்தாமரை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தென் அமெரிக்காவில் இருந்து வந்த செடி. படர்ந்தால் குளத்தையே மூடிவிடும். கடலிலும் இப்படி நடக்குமா? நடந்திருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டக் கடலில் பல வகைப் பாசிகள் தாமாகவே வளர்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி அவற்றில் ஒன்று. மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி அதை எடுத்து விற்கிறார்கள்.

கப்பாபைகஸ் என்ற பாசி அப்படிப்பட்டது அல்ல. அது பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. 1980களில் ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது. பிறகு மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்தார்கள். சுமார் 45 நாளில் அறுவடை செய்யலாம். ஐஸ்கிரீம், பற்பசை ஆகியவற்றைக் கெட்டியாக்க இதன் கூழ் உதவுகிறது. பல குடும்பங்களுக்கு வருமானம் கிடைத்தது.

ஆனால் பாசி மிதவையோடு நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

பவளப்பாறை வெறும் கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. அந்த உயிர்களுக்கு வெயில் வேண்டும். பாசி போர்வை போல மூடினால் வெளிச்சம் கிடைக்காது. பவளம் சாகும். பவளப்பாறையில்தான் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. பவளம் செத்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் வலையில் என்ன விழும்?

எப்படி அடையாளம் காண்பது?

* தண்டும் கிளையும் உருண்டு, தடித்து இருக்கும். இலை இருக்காது.
* தொட்டால் வழுவழுப்பாக இருக்கும்.
* நிறம் பச்சை அல்லது பழுப்பு.
* பாறையை ஒட்டி, மெத்தை போலப் படரும்.

கண்டால் என்ன செய்வது?

1. பிய்த்துப் போடாதீர்கள். ஒரு சிறு துண்டு போதும். அதுவே புதுச் செடியாக வளரும்.
2. எந்த இடம், எந்த நாள், எவ்வளவு பரப்பு என்று எழுதி வையுங்கள். முடிந்தால் படம் எடுங்கள்.
3. வனத்துறை அலுவலகத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவில் உள்ளன. அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது.

பாசி வளர்ப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அறுந்த துண்டுகளைக் கடலில் விடக் கூடாது. கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடலை நாள்தோறும் பார்ப்பவர்கள் மீனவர்கள். புதிதாக ஒன்று படர்ந்தால் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். உடனே சொன்னால், கொஞ்சமாக இருக்கும்போதே அகற்றிவிடலாம்.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊர்க் குளத்திலோ கடலிலோ புதிதாகப் படர்ந்த செடி எது? அதைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள்?