தறித்தெரு – 7: கோர்வையின் மறுகரை

போன வாரம் காஞ்சிபுரத்து மஞ்சள்நீர்க் கால்வாயில் கலக்கும் சாயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்வாயைப் பற்றியவை அல்ல, புடவையைப் பற்றியவை. "அசல் கோர்வைப் புடவை இப்போது கிடைப்பதே இல்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் நத்தப்பேட்டை ஏரிக்கு என்ன நேர்கிறது என்பதைவிடப் புடவையின் கரை எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் பலருக்கும் உறுத்தலாக இருக்கிறது. போகட்டும். அந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. அதற்குள்ளும் ஒரு நியாயக் கணக்கு இருக்கிறது.

கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒரு தறி வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தரையில் குழி, குழிக்குள் மிதி, மேலே ஜக்கார்டு பெட்டி. கரையை உடலோடு கோர்த்து நெய்வதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை ஓடும் ஒவ்வொரு தடவையும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கம்? அவருக்கு இருப்பது இரண்டு கைதான். தறியின் மறுமுனையில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவை வாங்கி, கோர்த்து, திருப்பித் தரவேண்டும். முழுப் புடவைக்கும், நாள் முழுக்க, இதே வேலை. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இந்தக் கோர்ப்பைத்தான்.

அந்த மறுமுனையில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தது குழந்தைகள்.

"எட்டு வயசுல கரைக்கு உக்காந்தேன் சார். காலைல ஏழு மணிக்குப் போனா விளக்கு வச்ச பொறவுதான் வீடு. எங்கப்பா எவ்ளோ முன்பணம் வாங்கியிருந்தாருன்னு எனக்குத் தெரியாது. என் கல்யாணத்துக்கு முன்னாடி வாரம் அதை முழுசா அடைச்சுட்டு வந்தாரு. அப்போதான் தெரிஞ்சுது, அத்தன வருசமும் நான்தான் வட்டின்னு" என்றார் ஐம்பதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர். பேசும்போதும் கை நிற்கவில்லை. அறுந்த சரிகை இழை ஒன்றை எச்சில் தொட்டு முடிந்துகொண்டே இருந்தார்.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது. தறி முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உழைப்பது அப்போது ஊரறிந்த வழக்கம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது. 1986-ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்த பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. வீடே பட்டறையாக இருக்கும் ஊரில் அந்த விலக்குக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்றது. கூடவே, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்று மறுபடியும் கதவைத் திறந்து வைத்தது.

இந்த ஊர் நெசவாளர்களுக்குத் தன்மானம் புதிதல்ல. பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்கு உரிமை இருந்தது. அதே உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று மற்ற ஊர் நெசவாளர்கள் கேட்டுப் பெற்றதை விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 1953-இல் கைத்தறி முடங்கிக் கிடந்தபோது இந்த ஊரில் பிறந்த அண்ணாவும் அவர் கட்சித் தலைவர்களும் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். நெசவாளியை ஊர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காக நடந்த போராட்டங்கள் இவை. ஆனால் ஊர் பார்த்தது மிதியில் கால் வைத்தவரை மட்டும்தான். மறுமுனையில் இருந்த பிள்ளைக்குச் சங்கும் இல்லை, துண்டும் இல்லை. பட்டுக்காகச் சாகும் புழுவை நினைத்து, பட்டே உடுத்த வேண்டாம் என்று சொன்னவர் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி. புழுவைப் பற்றிக்கூட இந்த ஊரில் பேச்சு நடந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு குழந்தைகள் தறியை விட்டுப் போனார்கள். சத்துணவு இழுத்தது. தொழிலாளர் துறையின் சோதனைகள் கூடின. குழந்தைத் தொழிலை ஒழிக்க வந்த, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இண்டஸ் திட்டம் தமிழகத்தில் எடுத்துக்கொண்ட 5 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்தன. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நின்றது. படித்தால் அந்த பஸ்ஸில் ஏறலாம் என்று அப்பாக்களுக்குப் புரிந்தது. என்னைக் கேட்டால் சட்டம் செய்ததைவிட அந்த பஸ் செய்தது அதிகம்.

காலியான இடத்தில் வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான். அந்தப் பணம் பெரும்பாலும் ஒரே பெயரில் வருகிறது. இரண்டு பேர் உழைத்தால் ஒருவர் நெசவாளர், இன்னொருவர் 'ஒத்தாசை'.

வாசகர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கோர்வையைத் தெரிந்த கை இன்னும் ஊரில் இருக்கிறது. குறைந்திருப்பது கூலியில்லாத இரண்டாவது ஆள். ஒற்றை ஆளே நெய்து முடிக்கும்படி கரை மாறிவிட்டது. கரையே இல்லாத புடவைகளும் வந்துவிட்டன. மரபு அழிகிறதே என்று வருந்துகிறவர்கள், அந்த மரபு நம் பாட்டிகளுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது எப்படி என்று யோசிப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் நாள் முழுவதும் அந்த விலையில் கழிக்கப்பட்டிருந்தது. அந்தத் தள்ளுபடி நின்றதும் விலை தாங்காமல் போகிறது என்றால், அதை நீடித்து நிற்கும் கைத்தொழில் என்று இத்தனை நாள் நாம் சொல்லிக்கொண்டதே தப்புக் கணக்கு. கைத்தறிக்குப் புகையில்லை, மின்சாரம் வேண்டாம் என்று பட்டியல் போடுகிறவர்களும் இந்த இரண்டாவது ஆளை அதில் சேர்ப்பதில்லை.

கம்பளத் தொழிலில் 1994-இல் 'ரக்மார்க்' என்ற முத்திரை வந்தது. குழந்தைகள் நெய்யவில்லை என்பதற்கு அது உத்தரவாதம். கம்பளத்தை வாங்கிய வெளிநாட்டார் கேட்டார்கள், விற்றவர்கள் கொடுத்தார்கள். பட்டுப்புடவையை வாங்குவது நாம், அதுவும் கல்யாணத்துக்கு. பட்டு சுத்தமா என்று சொல்ல சில்க் மார்க் இருக்கிறது. கையால் நெய்ததா என்று சொல்ல ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சொல்ல இயந்திரம் இருக்கிறது. மறுமுனையில் யார் உட்கார்ந்தார், அவர் கைக்கு என்ன போனது என்று சொல்ல ஒரு சீட்டும் கிடையாது. நாம் கேட்டால்தானே வரும்!

கடிதங்களில் இருந்த கேள்வியை அந்த நெசவாளரிடமே கேட்டேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து தார் சுற்றிய கூடையோடு வந்து மறுமுனையில் உட்கார்ந்தார்.

"கோர்வை வேணும்ங்கறவங்களை நேரா இங்க வரச்சொல்லுங்க சார்" என்றார் நெசவாளர். "எனக்கு ஒரு கூலி, இவங்களுக்கு ஒரு கூலி. ரெண்டையும் தனித்தனியா எழுதிக் குடுத்தா நாளைக்கே பாவு ஏத்துறேன்."

"என் கூலியை என் கையில குடுக்கணும், அதையும் எழுதிக்கோங்க" என்றார் அந்த அம்மா.