இரண்டாவது கடையிலும் அதே காபி

ஒரு காபிக் கடை நன்றாக ஓடினால் இரண்டாவது கடை திறக்க ஆசை வருவது இயற்கை. முதல் கடையில் முதலாளியே கல்லாவில் இருப்பார். டிக்காஷன் ருசி மாறினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது கடையில் அவர் இல்லை. அங்கேயும் அதே ருசி, அதே உபசரிப்பு கிடைக்கும் என்று வாடிக்கையாளர் நம்பினால் அதுதான் 'பிராண்டு'. பெயர்ப் பலகையும் விளம்பரமும் அதற்கு அடுத்தபடிதான்.

இதற்குச் சரியான உதாரணம் இந்தியன் காபி ஹவுஸ். காபி போர்டு நடத்தி வந்த இந்தக் கடைகளை 1950களின் நடுவில் மூட முடிவாயிற்று. வேலை இழந்த தொழிலாளர்களைத் திரட்டி, கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை அவர்களே நடத்தும்படி செய்தவர் ஏ.கே. கோபாலன். 1957ல் பெங்களூரிலும், 1958ல் திருச்சூரிலும் சங்கங்கள் ஏற்பட்டன. மேசை துடைத்தவரும் காபி ஊற்றியவருமே பங்குதாரர் ஆனார்கள். ஒரே முதலாளி என்று எவரும் கிடையாது, சங்கங்களும் தனித்தனி. ஆனாலும் கேரளத்தில் எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் வெள்ளை உடுப்பு, விசிறி வைத்த தலைப்பாகை, பீட்ரூட் சேர்ந்து சிவந்த மசால் தோசை! கல்கத்தா காலேஜ் தெருக் கடையில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம். மாணவர்களும் எழுத்தாளர்களும் அங்கே கூடியதற்கு அதுவே காரணம். (வாடகை ஏறிய பஜாரில் நம்மால் இப்படித் தாராளம் காட்ட முடியுமா என்பது வேறு விஷயம்.)

1996ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் சித்தார்த்தா தொடங்கிய கபே காபி டே இன்னொரு விதம். சிக்மகளூரில் சொந்தத் தோட்டம் உண்டு. இளைஞர்கள் உட்கார்ந்து பேசும் இடத்தையே சரக்காக விற்றார்கள். கடைகள் 1,700ஐத் தாண்டின. குழுமத்தின் கடனும் உடன் வளர்ந்தது. 2019ல் சித்தார்த்தா மறைந்தபின் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன. பெயருக்குக் குறைவில்லை, கடன்தான் கடைகளைச் சாய்த்தது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கிளைக் கடை விவகாரம் புதிதல்ல. முதலாளி காரைக்குடியில், கடை ரங்கூனிலோ பினாங்கிலோ. அங்கே கடையை அறிந்தது 'விலாச'த்தை வைத்துத்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் படிப்படியாக உயர்ந்து மேலாள் ஆவான். மேலாளுக்குச் சம்பளம் போக லாபத்தில் பங்கும் உண்டு. சுமார் மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி ஒப்படைப்பார். பையனாக இருந்தபோது கற்ற பழக்கம்தான் கடல் தாண்டியும் விலாசத்தைக் காத்தது.

இன்று காபிக் கடைக்குத் தூள் போடும் மொத்த வியாபாரிகளான நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 2024ல் உலகச் சந்தையில் ரொபஸ்டா விலை ஏறியதுபோல் ஏறும் சமயத்தில், சட்ட வரம்புக்குள்ளேயே சிக்கரியைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். கடைக்காரரிடம் சொல்லாமல் கூட்டினால், கெடுவது அவருடைய பெயர். அதைவிட, கிலோவுக்கு இத்தனை ரூபாய் ஏறுகிறது என்று ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடலாம்.

கடைக்காரரும் தூள், தண்ணீர், பால் அளவை எழுதிப் பட்டறையில் ஒட்டட்டும். இரண்டாவது கடைக்கு மாஸ்டரை வெளியிலிருந்து எடுக்காமல், முதல் கடையில் ஒரு வருஷமாவது நின்றவரை அனுப்பி, லாபத்தில் சிறு பங்கும் பேசிக்கொள்வது நல்லது. திறந்த முதல் மாதம் முதலாளி தினமும் விடியற்காலையில் அங்கே போய், முதல் டிக்காஷனைக் குடித்துப் பார்க்கட்டும்.